ஆலைக்குள் ஐவர், வெளியே ஊர்

சினிமாத் தொழிலில் நடிகனைவிட அதிகம் திட்டு வாங்குகிறவன் படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகிற ரெப்புதான். நடிகன் திரைக்குள் இருக்கிறான், இவன் வாசலில் நிற்கிறான். அடுத்தவர் செய்த பண்டத்தை விற்கப் போய் அதற்கு நீங்கள் பதில் சொன்ன அனுபவம் உண்டென்றால் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், நாம் பங்காளிகள்.

தஞ்சாவூரில் ஒரு சின்ன விநியோகக் கம்பெனியில் எனக்கு ரெப்பு வேலை. படம் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தினமும் ஒரு தபால் கார்டில் ஆபீசுக்கு எழுதிப் போட வேண்டும். ஆட்சி மாறி, நில உச்சவரம்புச் சட்டமும் வந்து, அறுப்புக்கு அறுப்பு கூலித் தகராறு நடந்த காலம் அது. ‘ஆலைக்குள் ஐவர்’ என்ற படத்தை வாங்கலாம் என்று முதலாளியிடம் வாயைக் கொடுத்தவன் நான். ஊருக்கு வெளியே ஒரு அரிசி ஆலை. உள்ளே ஐந்து பேர். வெளியே ஐம்பது ரவுடிகள் சூழ்ந்துகொண்டு கதவை உடைக்கப் பார்க்கிறார்கள். கதை அவ்வளவுதான். பாட்டு கிடையாது, காதல் கிடையாது, செட்டு என்று பார்த்தால் நாலு சுவர்.

மூன்று ஊர்களில் படம் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. நான்காவதாகக் குடவாசல் பக்கம் ஒரு டூரிங் கொட்டகை. சாயங்காலம் ஒரே ஆட்டம். ஒருத்தர் டிக்கெட் வாங்கினாலும் படம் ஓட்டுவார்கள். ஒருத்தர்கூட வாங்காவிட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வேலை நிரந்தரம் என்று மாமனாரிடம் அளந்து வைத்திருந்தேன். பஸ் ஏறும்போது முதலாளி சொன்னார்: “வெள்ளியிலேருந்து வியாழன் வரைக்கும் ஏழு நாள் ஓட்டிக் காட்டு. நடுவுல பெட்டி திரும்பி வந்தா, பெட்டி மட்டும் வரட்டும். நீ வர வேணாம்.”

தாகம்

கொட்டகை வாசலில் சோடாக் கடை வைத்திருந்தவர் ஹமீது பாய். அண்ணன் தம்பிகள் எல்லாரும் சிங்கப்பூரில் இருக்க, இவர் மட்டும் சோடாவை நம்பி ஊரிலேயே தங்கிவிட்டவர். வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் முதல் அபிப்பிராயத்தை அவரிடம் கேட்டேன். முகம் கடுகடுவென்று இருந்தது.

“பாட்டு வந்தாத்தான் தம்பி ஜனங்க வெளில வருவாங்க. கதவை ஒடைப்பானா மாட்டானான்னு ஒரே எடத்துல ஒக்கார வச்சா, என் சோடாவை யாரு குடிக்கிறது?”

மூட்டை

பாய் சொன்னதை ‘ஜனங்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே இல்லை’ என்று கார்டில் எழுதிப் போட்டேன். பொய் ஒன்றும் இல்லையே.

சனிக்கிழமை, ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற ஆறு பேர் தரை டிக்கெட்டில் வந்திருந்தார்கள். படத்தில் உள்ளே இருக்கிற ஐந்து பேரும் கதவுக்கு முட்டுக் கொடுக்க நெல் மூட்டைகளை அடுக்குவார்கள். கதாநாயகி ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி, இன்னொரு கையால் முந்தானையைச் சரி செய்துகொள்வாள். தரையில் எழுந்த சிரிப்பில் கொட்டகைக் கீற்று ஆடியது. நெல்லைத் தொட்டே பார்க்காத பட்டணத்துக்காரர்கள் எடுத்த படம், என்ன செய்ய? அதோடு விட்டார்களா? ரவுடி சுட்ட குண்டு மூட்டையில் பாய்ந்து, உள்ளேயிருந்து பொலபொலவென்று கொட்டியது உமி.

ஆட்டம் முடிந்ததும் ஆறு பேரும் என்னை மறித்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர், பாரம் சுமந்து பிடரி காய்த்துப் போனவர், கோபமே இல்லாமல் நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: “நெல்லுன்னா சரிங்க. உமிக்கா இத்தினி பேரு சாகறான்?”

மச்சக்காரன்

ஐம்பது ரவுடி என்று வசனத்தில் வருமே தவிர, படம் எடுத்தவர்கள் பிடித்தது பன்னிரண்டு பேரைத்தான். கன்னத்தில் பெரிய மச்சம் உள்ள ஒருவன் கூரையிலிருந்து விழுந்து சாவான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கத்திக்குத்தில் சாவான். கடைசியில் மீசை ஒட்டிக்கொண்டு வந்து குண்டடிபட்டுச் சாவான். மச்சத்தை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிராமக் கணக்கு எழுதும் கர்ணம் குடையோடு வந்திருந்தார். உச்சவரம்புக்குப் பயந்து மிராசுகள் எல்லாம் நிலத்தை யார் யார் பேரிலோ எழுதி வைத்திருந்த சமயம். எழுத்தில் பிழை பிடித்தே பிழைக்கிற மனிதர், மச்சத்தை விடுவாரா என்று நானே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் குடையை விரித்தபடி சாவதானமாகச் சொன்னார்: “இதுல என்ன தப்பைக் கண்டீங்க? எங்க கணக்குல பாதி நஞ்சை செத்தவங்க பேருலதான் இருக்கு. வருசா வருசம் கிஸ்திகூடக் கட்டறாங்க.”

தரையும் நாற்காலியும்

திங்கட்கிழமை கொட்டகையில் இரண்டு முக்கியஸ்தர்கள். நாற்காலியில் மிராசுதார் கோவிந்தராஜன். தரையில், அவருடைய வயலில் அறுக்கிறவர்களுக்குத் தலைவரான மாரிமுத்து. சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. கூலி நெல்லில் ஒரு மரக்கால் கூட்டிக் கேட்டார் மாரிமுத்து. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்வேன் என்றார் மிராசுதார். இந்த நிலையில் திரையில் ரவுடிகள் ஆலைக் கதவை இடிக்க, “ஒடைடா!” என்றது தரை. “விடாதே!” என்றன நாற்காலிகள்.

வாசலில் மிராசுதாரிடம் அபிப்பிராயம் கேட்டேன். உள்ளே இருக்கிற ஐந்து பேரும் தங்கம், வெளியே நிற்கிறவனுக்குத்தான் வேலைவெட்டி இல்லை என்றார். பின்னாலேயே வந்த மாரிமுத்துவிடமும் கேட்டேன்.

“வெளில நிக்கிறவன் எதுக்கு நிக்கிறான்னு படத்துல ஒருத்தன்கூடக் கேக்கலியேங்க.”

முற்றுகை

செவ்வாய்க்கிழமை காலையில் மாரிமுத்துவின் ஆட்கள் நூறு பேர் மிராசுதார் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஆள் உள்ளே போகக்கூடாது, மிராசுதார் வெளியே போய் ஆள் கூட்டி வரவும் கூடாது. அந்த வட்டாரத்தில் கூலித் தகராறு எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சிரிப்பாக எழுத எனக்கு மனசு வராது. அதோடு, ஊரே அங்கே உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் படத்துக்கு வருகிறவர் யார்?

சோடா விற்காத துக்கத்தில் இருந்த ஹமீது பாய்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போனார். கூலியைப் பற்றி அவர் பேசவில்லை. மாரிமுத்துவிடம், “சாயங்காலம் அவரு படத்துக்கு வரட்டும். நீங்களும் வந்து அங்கேயே முற்றுகை போட்டுக்குங்க” என்றார். நாள் முழுக்க அடைந்து கிடந்த மிராசுதார் உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். செவ்வாயும் புதனும் இப்படித்தான் நடந்தது. நடுவில் நாற்காலியில் மிராசுதார், சுற்றிலும் தரையில் நூறு பேர். அவர் கால் மரத்துப்போய் எழுந்தால் நூறு பேரும் எழுந்தார்கள். அவர் சோடாக் கடைக்கு நடந்தால் நூறு பேரும் நடந்தார்கள். பாய்க்குக் கோலிக் குண்டைத் தட்டித் தட்டியே விரல் வீங்கிவிட்டது.

“பாட்டு இல்லியேன்னு அழுதேன் தம்பி. அவரு ஒருத்தரு எந்திரிச்சா நூறு பேரு எந்திரிக்கிறாங்க. இதுக்கு மேல பாட்டு எதுக்கு?”

வியாழக்கிழமை

வியாழன் காலையில் மிராசுதார் இறங்கி வந்தார். ஒரு மரக்கால் கூடுதல் என்று பேச்சு முடிந்தது. ஊரே மூச்சு விட்டது. நான் மட்டும், இன்னும் ஒரு நாள் சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். நெல் கொட்டிவிடுமே என்று அப்போதே அறுப்பில் இறங்கிவிட்டார்கள். சாயங்காலம் இடுப்பொடிந்து கிடந்த ஊரில் டிக்கெட் வாங்க ஒருத்தரும் வரவில்லை. கொட்டகைக்காரர் பெட்டிக்குக் கயிறு தேட ஆரம்பித்தார். மாமனார் முகம் என் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது, தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு மாரிமுத்து வந்து ஒரு தரை டிக்கெட் கேட்டார். மூன்று தடவை பார்த்த படம் ஆயிற்றே என்றேன். “திங்கக்கிழமை சத்தம் போட்டதுலயே பாதி போச்சு. அப்புறம் ரெண்டு நாளும் ஐயாவையே பாத்துக்கிட்டு இருந்ததுல படத்தைப் பாக்கலீங்க” என்றார்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் மிராசுதார் வந்தார். அவருக்கும் அதே குறை. நூறு பேர் முறைத்துக்கொண்டிருக்கும்போது எந்த மனுஷன் படம் பார்க்க முடியும்? காலிக் கொட்டகையில் நாற்காலியில் உட்கார்ந்தவர், தரையில் தனியாக இருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மாரிமுத்து, இங்க பக்கத்துல வந்து ஒக்காரேன்” என்றார்.

மாரிமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வேணாங்க. பக்கத்துல ஒக்காந்தா மறுபடியும் உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

அன்றைக்கு நான் எழுதிய ‘ஏழாம் நாள். இரண்டே பேர், இருவரும் கடைசிவரை படத்தைப் பார்த்தார்கள்’ என்ற கார்டுதான் என் வேலையையும் மாமனார் முன்னால் என் மானத்தையும் காப்பாற்றியது, ரெப்பாக இருந்த காலத்தில் நான் பூசி மெழுகாமல் எழுதிய ஒரே கார்டும் அதுதான்.