இருபதுக்குப் பதினாலு

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று கல்லூரிப் புள்ளியியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, இந்த மேடு எனக்குப் புரியவே இல்லை" என்றாள். நடுவில் புடைத்து இருபக்கமும் சரியும் கோடு. இதை நடத்தியே காலம் முழுக்கச் சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் புத்தகத்து உதாரணங்கள் எனக்கு ருசிப்பதில்லை. புதுத்தாள் வாசனை மூக்கில் ஏறியதும் நினைவு நேராகப் பள்ளித் தோழன் ஹமீதிடம் போய்விட்டது.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி முடியும் தறுவாய். கணக்கு வாத்தியாரை 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம். இருபதுக்குத்தான் மதிப்பெண், அதுவும் பேச்சுக்குத்தான் இருபது. வகுப்பில் பெரும்பாலோர் எட்டை ஒட்டிக் குவிந்து கிடப்போம். பன்னிரண்டு வாங்கினவன் வீட்டில் பாயசம் வைப்பார்கள். "பதினஞ்சு போட்டுட்டா அப்புறம் அவன் எதுக்கு என்கிட்ட வரணும்?" என்பார் முசியே. கடைசித் தேர்வில் ஹமீது பதினாலு வாங்கினான். முசியே எழுந்துவந்து அவன் கையைக் குலுக்கினாராம்.

'குலுக்கினாராம்' என்று சொல்லக் காரணம், அப்போது நான் அங்கே இல்லை. இருபதுக்கு ஆறிலேயே நின்றுவிட்ட என்னை அப்பா முந்தின வருஷமே எங்கள் கோட்டுச்சேரியிலிருந்து கிளப்பி, கீழவாஞ்சூர் எல்லைச் சாவடியைத் தாண்டி, நாகப்பட்டினத்து மாமா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார். அங்கே நூற்றுக்கு மதிப்பெண், அள்ளி அள்ளிப் போட்டார்கள். வகுப்பே எழுபத்தைந்தில் குவிந்திருந்தது. நான் எழுபத்தெட்டு. அப்பாவுக்கு நான் மேதை. எனக்கும் அதில் பெரிய மறுப்பு இருக்கவில்லை.

நானும் ஹமீதும் எல்லைக்கு அப்பால் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்தோம். ஹமீதுக்குப் பாலம் கட்டும் என்ஜினீயராக ஆசை. இடம் கிடைக்காவிட்டால் வியட்நாமில், சைகோனில் இருக்கும் பெரியப்பா கடைதான். கல்லூரி எழுத்தர் பதினாலை ஐந்தால் பெருக்கினார்.

"எழுபது. எழுபத்தஞ்சுக்குக் கீழ எடுக்கிறதில்லீங்க."

ஹமீதின் வாப்பா பதறினார். "எங்க ஊர்ல இதுக்கு மேல போடவே மாட்டாங்கய்யா. இவன்தாங்க முதல்."

"அது உங்க ஊர் சமாச்சாரங்க" என்றார் எழுத்தர், மிக மரியாதையாக.

பெருக்கலில் தவறே இல்லை. எனக்கு இடம் கிடைத்தது, ஹமீது கப்பலேறினான்.

பிறகு நானே இந்த மேட்டைப் படித்தபோதுதான் விஷயம் உறைத்தது. ஒருவன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறான் என்று பார்த்து, அதை அந்த வகுப்பின் வழக்கமான சிதறலால் வகுக்க வேண்டும். ஹமீது எட்டுக்கு மேலே ஆறு. எங்கள் வகுப்பின் சிதறல் குத்துமதிப்பாக இரண்டு. ஆக, மூன்று. ஆயிரம் பேரில் ஒருவரோ இருவரோ எட்டுகிற இடம் அது. நான் எழுபத்தைந்துக்கு மேலே மூன்று, அங்கே சிதறல் ஆறு. ஆக, அரை. மேட்டின் உச்சியை ஒட்டித்தான் நின்றிருக்கிறேன். கூட்டம் அதிகம் இருக்கிற இடமும் அதுதான்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வந்த ஹமீதிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப நான் எவ்வளவுடா?"

"மூணு."

"பதினாலா இருந்தேன், எழுபதாக்கினாங்க. இப்ப நீ மூணாக்கிட்டியா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தான்.  பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது சொன்னான்: "வாப்பாகிட்ட யாராவது சொல்லியிருக்கலாம்டா. நான் சரியாப் படிக்கலைன்னே நெனச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு."

 

அந்த எல்லைச் சாவடி இல்லை, முசியே இல்லை, போன வருஷம் ஹமீதும் போய்விட்டான். காரைக்காலிலும் இப்போது நூற்றுக்குத்தான் மதிப்பெண்; பதினாலு வாங்குகிற பிள்ளை வீட்டுக்குள் நுழையவே பயப்படும்.