மூன்று அங்குல மூச்சு

கால் நகம் வெட்டக் குனிந்தால் மூச்சு முட்டியது. இரண்டு விரல் வெட்டுவேன், நிமிர்ந்து இளைப்பாறுவேன், பிறகு அடுத்த விரல். வேறு யாராக இருந்தாலும் தன் வயிற்றைப் பார்த்திருப்பார்கள். நான் அண்ணனை நினைத்துக்கொண்டேன். போன வருஷம் நுரையீரல் இறுகிச் செத்துப்போனவன். அவனுக்கும் இப்படி மூச்சு வாங்கலில்தான் தொடங்கியது.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில், நுரையீரலைச் சோதிக்கும் மெஷினில் ஊதிப் பார்க்கச் சொன்னார்கள். ஊதுவதற்கு முன் வயது, எடை, உயரம் எல்லாம் மெஷினுக்குச் சொல்ல வேண்டும். எடைக்கு ஏற்றி நிறுத்தினார்கள்: தொண்ணூற்று நாலு. உயரம் அளக்கும் கம்பியை மறித்து ஒரு ஸ்ட்ரெச்சர் கிடந்ததால் மெஷினைப் பார்த்துக்கொண்ட பெண், தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள். பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். ஐந்தடி எட்டு என்றேன்.

அது என் கல்யாண உயரம். பெண் ஐந்தடி ஐந்து என்று தெரிந்ததும், ஜாதகத்தோடு வைக்கும் குறிப்பில் தரகர் எனக்கு மூன்று அங்குலம் சேர்த்து எழுதினார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தையும் உயரத்தையும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். பெண்வீட்டார் கொஞ்சம் குறைத்துத்தான் படிப்பார்கள். சம்பளம் பின்னால் வளர்ந்து என் மானத்தைக் காத்தது. உயரம் காக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் ஐந்தடி எட்டாகவே குடித்தனம் நடத்துகிறேன்.

மூக்கில் கிளிப்பை மாட்டிக் கண் பிதுங்க ஊதினேன். தாளில் வந்த நீளமான இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான்: ரெஸ்ட்ரிக்டிவ். அண்ணனின் ரிப்போர்ட்டிலும் அதே வார்த்தை இருந்தது. டாக்டர் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த இரண்டு நாளில் நான் ஒழுங்காகச் சாகத் தயாரானேன். பீரோ சாவி எங்கே என்று மனைவிக்கு மூன்று தடவை காட்டினேன். மூன்று தடவையும் அது அங்கே இல்லை. பலூன் பாக்கெட் ஒன்று வாங்கி ஊதிப் பார்த்தேன். ஐந்தாவது பலூனில் தலை சுற்றியது. சாவு உறுதி என்று ஆறாவதை ஊதவில்லை. துக்கத்தில் சாப்பாடு மட்டும் குறையவே இல்லை.

இதெல்லாம் சிரிக்கக்கூடியது. சிரிக்க முடியாத ஒன்றையும் செய்தேன். மைனிக்கு, அண்ணன் மனைவிக்கு, போன் போட்டேன். அண்ணனுக்கு முதலில் இருமல் வந்ததா இளைப்பு வந்ததா, எந்த மாசத்தில் படி ஏற முடியாமல் போனது, ஆக்சிஜன் சிலிண்டர் எப்போது வீட்டுக்கு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் நிறுத்தி நிறுத்தி, நினைவுபடுத்திச் சொன்னாள். நான் என் உடம்போடு ஒத்துப்பார்த்துக்கொண்டே கேட்டேன். நடுவில் அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கு அடுத்த கேள்விதான் முக்கியமாக இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து நிற்கச் சொன்னார்.

"அஞ்சடி எட்டுன்னு யாரு சொன்னா?"

ஸ்கேல் வந்தது. ஐந்தடி ஐந்து.

உயரமான ஆளுக்குப் பெரிய நுரையீரல் இருக்க வேண்டும் என்று மெஷின் கணக்குப் போடுமாம். இல்லாத மூன்று அங்குலத்துக்கும் சேர்த்து நான் ஊதவேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறது. திருத்திப் போட்டதும் முடிவு கொஞ்சம் ஏறியது. முழுக்க ஏறவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், நுரையீரல் சுத்தம். மிச்சம் உள்ள குறை வயிறு என்றார். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசை கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே போகும். உங்கள் கொழுப்பு அதை இறங்கவிடாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. இதே தொண்ணூற்று நாலு கிலோவை மூட்டை தூக்குகிறவன் தசையாக வைத்திருந்தால் இப்படி இளைக்க மாட்டான் என்றார்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "மணவறைய சுத்தும்போதே தெரியும். இத்தன வருசமா நான் ஹீல்ஸ் போடாம நடந்தது எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவள் ஆட்டோ பிடிக்கப் போனாள். நான் எதிர்த்த டீக்கடையில் எண்ணெய் சொட்டும் நேந்திரம் பழம்பொரி ஒன்று வாங்கிக்கொண்டு மைனியைக் கூப்பிட்டேன். சந்தோஷத்தில் குரல் துள்ளியது. நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்புதான், குறைத்தால் சரியாகிவிடும் என்று கடகடவென்று சொல்லிமுடித்தேன்.

"நல்லது தம்பி," என்றாள். "ஒனக்குக் கொறைக்கதுக்கு ஒண்ணு உண்டு. அவருக்கு ஒடம்புல என்ன கெடந்து? இதக் கொறச்சா சரியாவும்னு சொல்ல ஒரு டாக்டருக்கும் வழியில்லாம போச்சே."

பழம்பொரியில் பாதி வாய்க்குள் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது துப்பவும் முடியவில்லை.