நலங்கில் நான் போட்ட வேஷம்

போன வாரம் தி. நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. சம்பளத்துக்கு வந்த மிமிக்ரிப் பையன் ஒருவன் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடிகர்கள் குரலில் பேசிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் பேசினான். ஆனால் பந்தியிலிருந்து பொரித்த அப்பள வாசனை வந்ததும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன், கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன்.

எங்கள் மயிலாப்பூர்க் கல்யாணங்களில் நலங்கு என்று ஒன்று உண்டு. தாலி கட்டிய அன்று சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுவார்கள், ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைப்பார்கள். கூடவே ஏசல். சம்பந்தி வீட்டாரின் நடை, பேச்சு, சாப்பாடு எதை வேண்டுமானாலும் பாடியும் நடித்தும் கேலி செய்யலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையெல்லாம் "காபி ஆறிடுத்து, ஜமக்காளம் எங்கே" என்ற அதட்டலுக்குக் கைகட்டி நின்ற பெண் வீட்டார் வாயைத் திறக்க அந்த ஒரு மணி நேரம்தான். இப்படி ஒருத்தரைப் போல நடித்துக் கேலி செய்வது எந்த நாட்டில் பிறந்தது என்று படித்தவர்கள் ஆராயட்டும். என்னைக் கேட்டால், குனிந்து நின்றவர்களின் முதுகுவலியில்தான் பிறந்தது என்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது, அடையாற்றில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். மேனேஜர் மூக்கை உறிஞ்சுவதை நான் செய்து காட்டினால் டிபன் சாப்பிடுகிறவர்களுக்குப் புரையேறும். அந்தத் திமிர் வேறு. அக்காவின் நலங்கில் கேட்க வேண்டுமா?

முதலில் சம்பந்தி மாமியைச் செய்தேன். இடுப்பில் கை வைத்து, டம்ளரை மோந்து பார்த்து, "இது காபியா, கழுநீரா?" மாமியே விழுந்து விழுந்து சிரித்தாள். "மாப்பிள்ளையைப் பண்ணுடி!" என்று யாரோ கத்தினார்கள்.

காலையிலிருந்தே அவரைக் கவனித்திருந்தேன். மந்திரம் சொல்லும்போதே திடீரென்று நிறுத்திவிடுவார். யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைச் சாய்ப்பார். உதடு அசையும். பிறகு பணிவாகத் தலையாட்டுவார். அதை அப்படியே செய்தேன். எங்கள் பக்கம் சிரித்துத் தீர்த்தார்கள். அக்காவும் சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மாமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

மாப்பிள்ளை மட்டும் என்னையே பார்த்தார். மெதுவாக, ரொம்ப ஆவலாகக் கேட்டார்: "உனக்கும் கேக்கறதா?"

மாப்பிள்ளை என்னமா மடக்கிட்டார் என்று எங்கள் மனுஷர்கள் இன்னும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தேன். "அவருக்கு என்னமோ இருக்கும்மா. பயமா இருக்கு." அம்மா என் வாயைப் பொத்தினாள். "தாலி ஏறியாச்சுடி. இனிமே பேசி என்ன ஆகணும்?"

மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது. பல வருஷமாக அவர் காதில் ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்ததாம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மறைத்திருக்கிறார்கள். பாவிகள்! வைத்தியம் பார்க்க வேண்டியவருக்கு என் அக்காவைக் கட்டிவைத்தார்கள். அத்திம்பேர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அக்காவை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அந்தக் குரலுக்கும் அவளுக்கும் நடுவில் அல்லாடினார், அவ்வளவுதான். ஐந்தாவது வருஷம் ஒரு காலையில் கறிகாய் வாங்கப் பையோடு போனவர் திரும்பவே இல்லை. கிண்டி வரைக்கும் தெருத்தெருவாகத் தேடினோம்.

இப்போது நலங்கு போட்டோவுக்காகப் பத்து நிமிஷம் நடக்கிறது. ஏசல் பாடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நானும் அக்காவின் நலங்குக்கு அப்புறம் யாரைப் போலவும் நடித்ததில்லை. போன வருஷம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுபதைத் தாண்டிவிட்டாள்.

"போட்டோவுல முகம்தான்டி இருக்கு. அவர் நிக்கறது, திரும்பறது எல்லாம் மறந்துண்டே வரது. ஒரே ஒரு தடவை அவரை மாதிரி பண்ணிக் காட்டேன்."

எழுந்து நின்றேன். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பார் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.