அம்மா தமிழில் பேசிய வருடங்கள்

எங்கள் வீட்டில் தமிழ் வாசலோடு நின்றுவிடும். வாடகை கேட்டு வரும் கோகிலாம்பாள், நூல் கொடுக்கும் முதலாளி, பால்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர் என்று வெளியாட்களோடு பேசத்தான் அது. உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டால் கன்னடம். அருப்புக்கோட்டையில் நெசவுக்காரர்கள் இருக்கும் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான்.

அம்மாவின் பெயர் லிங்கம்மாள். அப்பா திம்மையா அவளுக்கு அத்தை மகன். இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள், சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா அவரை ஒருமையில்தான் கூப்பிட்டாள். அத்தைமார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். பொம்பளைகள் புருஷனை அப்படிக் கூப்பிடலாமா என்றார்கள். அம்மா கேட்கவில்லை. மத்தியானம் தறியை நிறுத்தியதும், "பா, உண்ணு" என்பாள். வா, சாப்பிடு என்று அர்த்தம். அப்பா வரத் தாமதித்தால், தறிக்குழியில் அவருக்கு வேர் விட்டுவிட்டது போலிருக்கிறது, தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்பாள். அவர் உள்ளிருந்தே, ஊற்று, முளைத்தால் உன் தலையில் வைக்கப் பூவாவது கிடைக்கும் என்பார்.

வாடகை வீடுதான். ஆனாலும் அதில், தரைக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் குழித்தறிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அம்மா. அந்த வீட்டை என்றாவது விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. விற்பதானால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன் என்று கோகிலாம்பாளும் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக அம்மா ஓர் ஏற்பாடு செய்தாள். அப்பாவின் கூலி சாப்பாட்டுக்கு. அம்மாவின் கூலி வீட்டுக்கே வரக் கூடாது. முதலாளியிடமே சேர்ந்துகொண்டு இருக்க வேண்டும்.

சனிக்கிழமை நெய்த சேலைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு முதலாளி ஐயாத்துரையின் கடைக்கு அப்பா போவார். திரும்பி வந்ததும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள். சேர்த்தாயிற்றா? ஆயிற்று என்பார் அப்பா. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் மிஞ்சிய நூல் ஒன்றை எடுத்து அதில் ஒரு முடிச்சுப் போடுவாள். வாரத்துக்கு ஒரு முடிச்சு. சுவர் ஆணியில் தொங்கிய அந்த நூல் வளர்ந்து வளர்ந்து தரையைத் தொட்டது.

அறுபத்தேழாம் வருடம் ஆனி மாதம் கோகிலாம்பாள் வந்தார்.

"லிங்கம்மா, மக கல்யாணம் முடிவாயிருச்சு. வீட்டை வித்துரலாம்னு இருக்கோம். ஒரு மாசம் பொறுப்பேன். அதுக்கு மேல கேக்காத தாயி."

"மாசம் எதுக்குங்க? அடுத்த சனிக்கிழமையே பணத்தோட வாரோம்" என்றாள் அம்மா.

அந்தச் சனிக்கிழமை முதலாளி ஊரில் இல்லை என்றார் அப்பா. அடுத்த சனிக்கிழமை முதலாளிக்குக் காய்ச்சல். அதற்கடுத்த திங்கட்கிழமை, அப்பா வெளியே போயிருந்த நேரம், அம்மா முகம் கழுவி நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கணக்கை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக நான்.

ஐயாத்துரை நன்றாகத்தான் இருந்தார். எங்களுக்கு உட்காரப் பலகை போடச் சொன்னார்.

"பணமா? எந்தப் பணத்தைச் சொல்ற?"

"என் தறிக் கூலிங்க. மூணு வருசமா உங்ககிட்டதான சேந்துக்கிட்டிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"திம்மையா ஒண்ணும் சொல்லலையா? உன் தறி மேல முன்பணம் வாங்கியிருக்கான்மா. அது பத்தாதுன்னு கடன் நோட்டு எழுதிக் குடுத்து வேற வாங்கியிருக்கான். உன் கூலி வட்டிக்கே சரியாப் போச்சு. அசல் அப்படியே நிக்கிது."

அம்மா அவரிடம் சண்டை போடவில்லை. நோட்டை வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்தேன். அப்பாவின் கையெழுத்தையும் தேதியையும் வாசித்தேன். தேதியை மட்டும் இரண்டாவது முறை கேட்டாள். அறுபத்து நாலு மாசி மாதம். நூலில் முதல் முடிச்சு விழுந்ததற்கு இரண்டு வாரம் முந்தி.

வீட்டுக்கு வந்ததும் தறியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற சேலையை நெய்ய ஆரம்பித்தாள். சாயங்காலம் அப்பா உள்ளே நுழைந்தபோது தலையைத் தூக்கினாள்.

"வாங்க. தண்ணி குடிக்கிறீகளா?"

தமிழில் கேட்டாள். அப்பா திரும்பி வாசலைப் பார்த்தார். தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருப்பதாக நினைத்துவிட்டார். யாரும் இல்லை. சிரிக்கப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"முதலாளி கடைக்குப் போயிருந்தேன்" என்றாள், அதையும் தமிழில்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வீரசோழன் போகும் பஸ்ஸில் பழக்கமான தனுஷ்கோடி என்ற வத்தல் வியாபாரி ஒருவர் இருந்தார். மாசியில் திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் மிளகாய் வத்தலை வாங்கிப் போட்டு ஆவணியில் விற்றால் ஒன்றுக்கு இரண்டு என்று அவர் சொன்னதை அப்பா நம்பினார். தப்பான பேச்சும் இல்லை. அந்த வருடம் தனுஷ்கோடியும் அப்படித்தான் சம்பாதித்தார். அப்பா இருபது மூட்டை வாங்கினார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பக்கத்துத் தெருவில் தன் அண்ணனின் தறிவீட்டில் அடுக்கினார்.

எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் கிடையாது. காய்ந்த காற்றில் பாவு இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தறிவீட்டுத் தரையில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்போம். பிறந்தது முதல் பார்த்த பழக்கம். அதை யாரும் தண்ணீர் என்று நினைப்பதுகூட இல்லை. அப்பாவும் நினைக்கவில்லை. ஆறு மாதம் அந்த ஈரத்தில் இருந்த வத்தலை ஆவணியில் பிரித்தபோது மூட்டைக்கு மூட்டை வெள்ளைப் பூசணம். தனுஷ்கோடி வந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"ஏலே, வத்தலை யாராச்சும் குளிப்பாட்டி வைப்பாகளாலே?"

அப்பா இதைச் சொல்லும்போது, அந்த இடத்திலாவது அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பழைய அம்மா சிரித்திருப்பாள். வருடக்கணக்கில் அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்திருப்பாள்.

வீட்டைச் சீக்கிரம் வாங்கிவிடலாம் என்றுதான் செய்தேன், குலசாமி சௌடம்மன் மேல் சத்தியம் என்று அப்பா கன்னடத்தில் சொன்னார்.

"வத்தல் போனா போகுதுங்க" என்றாள் அம்மா. "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சேத்தாச்சுன்னு சொன்னீகளே. நான் முடிச்சுப் போடுறப்ப பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தீகளே."



வீட்டை வேறொருவர் வாங்கினார். குழிகளை மூடிவிட்டுத்தான் சாவியைத் தர வேண்டும் என்றார் அவர். அப்பா கண்மாயிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்து வந்து கொட்டினார். அம்மா உள்ளே இறங்கி மிதித்தாள். இடுப்பளவு ஆழத்தில் நின்றவள், மண் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தாள். கடைசியில் ஆணியிலிருந்த முடிச்சு நூலை எடுத்தாள். அதைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். சட்டி பானைகளை அதால் சுற்றிக் கட்டினாள். புது வீட்டில் அவிழ்த்து, அடுப்புக்கு மேலே மறுபடி மாட்டினாள்.

புது வீட்டில் ஒரு தறிக்குத்தான் இடம். அதில் அப்பா நெய்தார். அம்மா அடுத்த வீடுகளுக்குத் தார் சுற்றப் போனாள். குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றும் அந்த வேலைக்குக் கூலி அற்பம். சனிக்கிழமை அப்பா கடனுக்குப் போக மிச்சத்தை மாடத்தில் வைப்பார். அம்மா அதில் பாதியை மட்டும் எடுத்து, தன் கூலியோடு சேர்த்து அரிசி வாங்குவாள். மறுபாதி அங்கேயே கிடக்கும். அவர் அதைத் தொட மாட்டார். என் பள்ளிக்கூடச் செலவுக்கு அதிலிருந்து எடுக்க நான் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அவர்கள் பேசாமல் இல்லை. பேசினார்கள். பாவுக்குக் கஞ்சி போட தெருவில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிற்கும்போது பேசாமல் முடியாது. "கொஞ்சம் இழுத்துப் பிடிங்க." "சரி." "விட்டுறாதீக." "விடலை." பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். அப்பா இரண்டு வருடம்போல விடாமல் கன்னடத்தில் பேசிப் பார்த்தார். பிறகு அவரும் மாறிவிட்டார். ஒருமுறை அவருக்கு டைபாய்டு வந்து பதினெட்டு நாள் படுத்துக் கிடந்தார். அம்மா ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை. கஞ்சி கொடுத்தாள், துடைத்துவிட்டாள், தலைமாட்டிலேயே இருந்தாள். ஆனால், "வாயைத் திறங்க", "திரும்பிப் படுங்க" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போலத்தான் பேசினாள். என்னோடு மட்டும் கன்னடம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

எழுபத்தைந்தில் கடன் தீர்ந்தது. எட்டு வருடம். ஒரு மத்தியான நேரம் அப்பா அந்த நோட்டைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் தரையில் வைத்தார். அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். முழுவதும் பைசல் என்று குறுக்கே எழுதி ஐயாத்துரை கையெழுத்துப் போட்டிருந்தார். அம்மா இம்முறை தேதி கேட்கவில்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"பா, உண்ணு."

அப்பா தட்டைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"இருக்கட்டும்மா. பெறகு சாப்பிட்டுக்கிறேன்" என்றார்.

பிறத்தியார் வீட்டில் சாப்பிடச் சொன்னால் சொல்கிற மாதிரி, தமிழில் சொன்னார். வெளியே போய்விட்டார். அம்மா தட்டை மூடி வைத்தாள்.

சாயங்காலம் நான் அப்பாவைத் தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மா சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன். விழுந்தது என்றார். சட்டென்று வாய் வரவில்லை, அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது, நாளைக்கு அவளிடம் பேசுகிறேன் என்றார். மறுநாள் காலை அம்மா, "காப்பி ஆறுதுங்க" என்றாள். அப்பா எடுத்துக் குடித்தார்.

அம்மா இன்னொரு முறை கூப்பிடுவாள் என்று அப்பா காத்திருந்தார். அப்பா பதில் சொல்வார் என்று அம்மா காத்திருந்தாள். இருவரும் தனித்தனியாக என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நான் கொண்டுபோகவில்லை. அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு வைகாசிக் காலையில், தறியில் உட்கார்ந்தபடியே அப்பா இறந்துபோனார். நான் பக்கத்துத் தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வருவதற்குள் அம்மா தனியாகவே அவரைக் குழியிலிருந்து தூக்கித் தரையில் படுக்கவைத்திருந்தாள்.

எங்கள் சனம் எல்லாம் வந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து கன்னடத்தில் அழுதார்கள். அம்மா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எந்திரிங்க. எந்திரிச்சு வாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

நம் ஆட்கள்தானே இருக்கிறோம், ஏன் தமிழில் அழுகிறாய் என்று பெரியத்தை அவள் காதில் கேட்டாள். அம்மா நிறுத்தினாள். அப்பாவின் முகத்தை நெருங்கிக் குனிந்தாள். உதடு சேர்ந்தது. 'பா' என்ற அந்த ஒற்றை எழுத்துத்தான். இரண்டு முறை முயன்று பார்த்தாள். பிறகு, "வாங்க, வாங்க" என்றே கடைசிவரை அழுதாள்.