மாமா சொன்னது எதுவும் நடக்காது

நீங்க யாரையாவது எப்பவாவது ‘வார்ன்’ பண்ணியிருக்கீங்களா? வூட்டுல புள்ளைங்கள அதட்டுறதக் கேக்கல. இப்புடிப் பண்ணாதீங்க, பண்ணா இன்னது ஆவும்னு ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா சொல்லி, அது அப்புடியே நடந்துட்டா, அதுக்கப்புறம் உங்க கதி என்னாச்சுன்னு கேக்குறேன்.

காலையில எங்க அக்கா பேத்தி வாட்ஸப்புல ஒரு கேள்வித்தாள் அனுப்புச்சு. கோடிட்ட எடத்த நிரப்பணும். வார்ன், இன்ஃபார்ம், பிரெடிக்ட், எது எங்க வரும்? “தாத்தா, சீக்கிரம்”னு அடியில ஒரு வாய்ஸ் மெசேஜு. அனுப்பிட்டேன், எல்லாம் ரைட்டாம். ஆனா அப்புறம் என்னால ஒரு எடத்துல உக்கார முடியல. ஃபேனப் போடுறேன், நிறுத்துறேன், வாசல் வரைக்கும் போறேன், வரேன். ஈரக் களிமண்ணு வாசம் எங்கேருந்தோ மூக்குல ஏறிடுச்சு. அதான் ஃபோனுல கட்டைவிரலால தட்டிக்கிட்டிருக்கேன். தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

எழுபதுகளோட ஆரம்பம். நான் பி.ஏ. இங்கிலீஷு, மூணாங்கிளாஸு. வேல கெடையாது, முடி மட்டும் காத மூடிக்கிட்டுக் கெடக்கும். அக்கா வூட்டுல தின்னுட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுல போயி அடிக்கிறதுதான் பொழப்பு. வேகம்னா வேகம், என்னா அடிக்கிறோம்னே தெரியாத வேகம்.

அக்கா வூட்டுக்காரரு, எங்க மாமா, விருத்தாசலத்துல ஒரு ஜாடிக் கம்பெனில சூளைக்குள்ள சரக்கு அடுக்குறவரு. ஊறுகா ஜாடி. அப்பல்லாம் எங்க தெருவுல எந்த வூட்டுல பாத்தாலும் மூடி சேரலன்னு கம்பெனி கழிச்ச ஜாடி ஒண்ணு மூலையில நிக்கும். உப்பு, புளி, தீப்பெட்டி எல்லாம் அதுக்குள்ளதான். ஒரு வூட்டுல கோழிக்குஞ்சு கூட பாத்திருக்கேன். சரி, அது வேற கதை.

மாமாவுக்கு ஒரு வியாதி. நடக்கப்போறத முன்னாடியே சொல்லணும், இல்லன்னா சோறு எறங்காது. “இந்த வேப்பூர் பஸ்ஸு மேடு ஏறாது பாரு”ம்பாரு. ஏறிடும். “இந்தப் படம் வெள்ளிக்கெழம தாண்டாது”ம்பாரு. ஊரே திரண்டு போயி பாக்கும். மணிமுத்தாத்துல இந்த வருஷம் தண்ணி கெடையாதுன்னு சொல்லி ஆத்துக்குள்ள சைக்கிள நிறுத்துனாரு. சைக்கிளு போனதுதான். நான் பி.ஏ.வுல ஃபெயில்னு கூட சொன்னாரு. அது மட்டும் கொஞ்சம் பக்கத்துல வந்துச்சு.

ஐப்பசியில ஒரு வாட்டி மழை விடல. ஷெட்டுல ஜாடி காயவே இல்ல, தொட்டா விரல்ல ஒட்டுது. ஆர்டர் அவசரம்னு சூப்பர்வைசரு அடுக்கச் சொல்லிட்டாரு. மாமா எல்லாருக்கும் கேக்குற மாதிரி, “ஈரத்தோட உள்ள போனா வெடிக்கும் சார். எழுதி வச்சுக்கங்க”ன்னாரு. சூப்பர்வைசரு, “நீ அடுக்குய்யா”ன்னுட்டாரு.

சூளை ஆறி தொறந்தாங்க. முக்காவாசி சில்லு.

அந்தக் கம்பெனில மெமோ இங்கிலீஷுலதான் வரும். வாங்குறவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால டீக்கடையில என்னைய மாதிரி ஒருத்தன்கிட்ட நீட்டி ஒரே கேள்வி கேப்பாங்க: இன்ஃபார்மா, வார்னா? இன்ஃபார்ம்னா மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்கலாம். வார்ன்னா டீ ஆறிப்போவும். மூணாவது வார்ன் வந்தா கேட்டுக்கு வெளிய. மாமாவுக்கு ஏற்கெனவே ரெண்டு வந்தாச்சு. சூளை தொறந்த மறுநாளு புதுசா ஒரு மெமோவ எங்கிட்ட நீட்டுறாரு.

“என்னா மச்சான், இன்ஃபார்மா, வார்னா?”

“ரெண்டும் இல்ல மாமா. பிரெடிக்ட்.”

“அது எந்த ஊருது?”

படிச்சுச் சொன்னேன். சரக்கு வெடிக்கும்னு நீ முன்கூட்டியே பிரெடிக்ட் பண்ணியிருக்க, நடந்தும் போச்சு, உனக்கு எப்புடித் தெரிஞ்சுது, நீயே எதாவது பண்ணியான்னு வெளக்கம் குடு. இல்லன்னா வேல காலி.

அக்கா மூணாவது பொண்ணு பொறந்து பச்ச ஒடம்போட இருந்துச்சு. “வேலையக் காப்பாத்துற வார்த்தையாப் பாத்துப் போடுடா. உன் இங்கிலீஷு அழகெல்லாம் அப்புறம் காட்டு”ன்னுச்சு.

போட்டேன். மொதல்ல ‘இன்ஃபார்ம்’. நான் சூப்பர்வைசருக்குத் தகவல் சொன்னேன்னு. ஆனா ஊருக்குத்தான் கத்துன, எங்கிட்டச் சொல்லவே இல்லியேம்பாரு அந்தாளு. கிழிச்சேன். அடுத்து ‘வார்ன்’. அந்தக் கம்பெனில வார்ன் மேலேருந்து கீழதான் வரும். கீழேருந்து மேல போனா மேனேஜரு கண்ணு செவக்கும். அதையும் கிழிச்சேன். மிஷின் முன்னாடி உக்காந்து கால ஆட்டிக்கிட்டே இருக்கேன், இன்ஸ்டிட்யூட்டுக்காரரு மேசை ஆடுதுன்னு திட்டுறாரு.

வழி காட்டுனது மாமாகூட அடுக்குற ராஜக்கண்ணு அண்ணன். “அவரு சொல்லி இதுவரைக்கும் எதுடா நடந்திருக்குது? தெனம் ஒளர்றவருன்னு எழுது. நாங்க அத்தினி பேரும் வந்து சொல்றோம்.”

மாமா மூஞ்சி மாறிடுச்சு. “அப்ப நான் பேசுறது பூரா ஒளறலா?”

“வேல வேணுமா வேணாமா மாமா?”

பீடியப் பத்தவச்சாரு. அக்காதான் உள்ளேருந்து, “எழுதுடா”ன்னுச்சு.

என்கொயரிக்கு மெமோ படிச்சுக் காட்ட நானும் போனேன். ஆளாளுக்கு வந்து சொல்றாங்க. பஸ்ஸு, படம், சைக்கிளு. கடேசியா ராஜக்கண்ணு அண்ணன், “மூணு பிரசவத்துக்கும் பையன்தான்னு பேரே வச்சுட்டாருங்க. மூணும் பொண்ணுங்க”ன்னாரு. மேனேஜரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சு தொடச்சு சிரிச்சாரு. சூப்பர்வைசரும் சிரிச்சாரு. மாமா கைய கட்டிக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு நின்னாரு. நான் அடிச்சுக் குடுத்த பேப்பருல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டாரு. வேல தப்பிச்சுது.

திரும்பி வரப்ப நான் தரையிலயே இல்ல. “எப்புடி மாமா நம்ம இங்கிலீஷு?”ங்கிறேன். ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. அங்க நின்னா எந்த வண்டி வருதுன்னு அடிச்சுச் சொல்றது அவரோட பழக்கம். நானே கேட்டேன், “கடலூரு வண்டியா மாமா, சேலம் வண்டியா?”

“வரப்ப பாத்துக்கலாம்.”

வூட்டுல கூட அப்புடித்தான் ஆயிட்டாரு. மழை வருமாங்கன்னு அக்கா கேட்டா, “வெளிய போயி பாரு”ம்பாரு. அடுத்த ஐப்பசியிலயும் ஈரச் சரக்கு சூளைக்குப் போச்சு. மாமா வாயத் தொறக்காம அடுக்குனாரு. வெடிச்சுது. யாருக்கும் மெமோ வரல. எனக்கும் மெட்ராஸுல வேல கெடச்சு, ரயிலு ஏறிட்டேன். நீ அங்க தேறுவ, தேறமாட்டன்னு கெளம்பறப்பக் கூட அவரு ஒண்ணும் சொல்லல.

மாமா போயி ரொம்ப வருஷம் ஆவுது. கம்பெனி இருந்த எடத்துல மனை பிரிச்சு கல்லு நட்டிருக்காங்க. சூளை மேட்டு மனை மட்டும், தோண்டுனா ஜாடிச் சில்லா வருதுன்னு, இன்னும் விக்கல.