ஓலைக்கு இரண்டு முழம் கீழே

1913 டிசம்பர் 24, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பாளையங்கால்வாயில் குளித்தேன். வேதம் வாசித்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பள்ளிக்கு விடுமுறையாதலால் பகல் முழுவதும் நட்சத்திரக்கூடு கட்டுவதில் கழிந்தது.

அந்த ஆண்டு அது அவசியமாயிருந்தது. என் மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவளால் ஆலயத்துக்கு வர முடியாது. கிறிஸ்துமஸ் விடியுமுன் தெருவில் பாடி வருகிறவர்களோ, வாசலில் நட்சத்திரம் எரிகிற வீட்டில்தான் நிற்பார்கள்.

"பிள்ளைக்கு முதல் பாட்டு. நம்ம வீட்டுல நிப்பாவளாப்பா?" என்று காலையிலேயே இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

எங்கள் வீடு பனையோலை வேய்ந்தது. அவள் படுத்திருந்த அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே இருந்ததும் ஓலைத்தட்டிதான். ஆகவே கவனமாகவே செய்தேன். மூங்கில் சிம்பில் கூடு கட்டினேன். வெளிச்சம் நன்றாகத் தெரிய, எல்லோரும் செய்வதுபோலக் காகிதத்துக்கு நல்லெண்ணெய் தடவினேன். மெழுகுவர்த்தி உருகிச் சொட்டும் என்று, உள்ளே சிறிய மண்ணெண்ணெய் விளக்கை வைத்தேன். வராந்தா விட்டத்திலிருந்து, ஓலைக்கு இரண்டு முழம் கீழே தொங்கும்படி கயிற்றை அளந்து கட்டினேன்.

ஆறு மணிக்கு ஏற்றிப் பார்த்தோம். அழகாகவே இருந்தது. அப்போது வாடைக்காற்று ஒருமுறை வீசிற்று. கூடு ஊஞ்சல்போல ஆடித் தூணில் மோதியது. விளக்குச் சரிந்து, காகிதம் பிடித்து, எல்லாம் எரிந்தபடி தரையில் விழுந்தது. சிந்திய எண்ணெயோடு தீ தட்டியை நோக்கி ஓடியது. நான் தண்ணீர்ப் பானையைத் தூக்கினேன்.

"வாத்தியாரய்யா, ஊத்தாதிய!"

குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை போட வந்திருந்த மருத்துவச்சியின் குரல் அது. கையிலிருந்த தணல்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். பானை இருந்த இடத்தில் குவித்திருந்த ஈரமணலை இரு கைகளாலும் அள்ளி, முதலில் தட்டியின் ஓரமாகக் கொட்டினாள். பிறகுதான் தீயின் மேல். ஐந்தாறு தடவை அள்ளியிருப்பாள். அணைந்துவிட்டது.

"மண்ணெண்ண தண்ணி மேல மெதந்து உள்ள போயிருக்கும்லா," என்றாள் மூச்சு வாங்க. பிறகு கயிற்றை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தன வருசமா பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குதிய. காத்து ஆட்டும்னு உங்க கணக்குல வரலியோ?"

வரவில்லை. கீழ்நோக்கி அளந்தேன், பக்கவாட்டில் அளக்கவில்லை. கரிந்த தரைக்கும் தட்டிக்கும் இடையே ஒரு சாணும் இரண்டு விரலும் இருந்தன. அவள் மணிக்கட்டில் ரோமம் பொசுங்கியிருந்தது. நான் கை கூப்பினேன்.

"சரி, சரி. வழிய விடுங்க. பிள்ளைக்கு இன்னும் பொக போடல," என்று சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புகை போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போன பிறகு, மகள் தட்டிக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள்: "பாட்டு இல்லாட்டாலும் பரவாயில்லப்பா." குழந்தை ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிறு மூச்சொலிக்காக நான் தேவனுக்குச் செலுத்திய ஸ்தோத்திரம், அதுவரை ஆலயத்தில் செலுத்திய எல்லாவற்றையும்விட உண்மையானது. ஜெபத்தில் அந்த மருத்துவச்சியின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். இன்றுவரை விடவில்லை.

மறுநாள் நாலரை மணிக்கு எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், கண்ணாடிக் கூண்டுள்ள அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு தெருவுக்குப் போனேன். ஓலையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, விளக்கை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். பாட்டுக்காரர்கள் திருப்பத்தில் வந்தார்கள்.

"ஏலே, நில்லுங்க," என்றார் முன்னால் வந்தவர். "வாத்தியாரு விளக்கோட நிக்காரு."