அத்தையை உட்கார வைத்தோம்

என் அப்பாவை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் யாரையும் கொடுமைப்படுத்தியவர் அல்ல. தன் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய கோழிப்பண்ணை இருந்தது. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்ட அத்தைதான் தினமும் கூண்டு வரிசைகளின் ஊடே நடந்து முட்டை பொறுக்குவார். எனக்குப் பத்து வயதானபோது அவருக்கு மறதி வந்தது. என்னை வேறு யார் பெயரையோ சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாள் பண்ணையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் தார்ச்சாலையில் நின்றிருந்தார்.

அப்பா அவரை டாக்டரிடம் அழைத்துப்போனார். நானும் கூட இருந்தேன். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

"நோயை முழுசா நிறுத்த முடியாதுங்க. ஆனா ஒரே எடத்துல உக்கார வெச்சிராதீங்க. லேசா நடக்கட்டும், பழகின வேலையச் செய்யட்டும். மூளைக்கும் அது நல்லது. தொணைக்கு ஒரு ஆள் இருந்தாப் போதும்."

அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "புத்தி தடுமாறுன அக்காகிட்ட வேல வாங்கறான்னு ஊரு காறித் துப்பாதா?" என்றார்.

மறுநாளே டிவிக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அத்தை எழுந்தால் குரல் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. கோடை விடுமுறை, பெருமையாகத்தான் செய்தேன். அவர் துடைப்பத்தைத் தொட்டால் கத்தினேன். துணி மடித்தாலும் கத்தினேன். அம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்.

ஒருநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது அத்தை என் கையைப் பிடித்தார்.

"முட்டை பொறுக்கோணும் சாமி. நீயும் கூட வா. நீ இருந்தா வழி தப்பாது."

போனோம். கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் கை தானாக ஓடியது. கீறல் விட்ட முட்டையை விரல் பட்டதுமே ஒதுக்கினார். முப்பது குழி அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிறைந்தன. ஒரு தப்பில்லை. மூன்றாவது வரிசையில் நின்று, பல வாரங்களுக்குப் பிறகு, என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். "இந்த முட்டையத் தொட்டுப் பாரு, இன்னும் சூடு ஆறல."

அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"உன்னைய எதுக்குடி காவல் வெச்சேன்?"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"அத்தைதாம்ப்பா இழுத்துட்டு வந்துச்சு!" என்று அழுதேன்.

அத்தை கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்துவிட்டு அப்பா பின்னால் நடந்தார். அன்று மாலையே வாசல் கதவுக்குப் பூட்டு வந்தது.

பார்க்க வந்தவர்கள், "அக்காளை இப்பிடித் தாங்கற தம்பி யாருக்குங்க கெடைப்பான்?" என்றார்கள். அப்பா அடக்கமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நடந்திருந்தால் அத்தை முழுதாகத் தேறியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்க எங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

பள்ளி திறக்கும் சமயம், ஒரு காலையில் கடைக்குப் போனபோது கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அது விரியத் திறந்து கிடந்தது. அத்தை அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், எழவில்லை. நான் மூச்சிரைக்கப் பண்ணைக்கு ஓடினேன்.

"அப்பா, கதவு தெறந்தே கெடந்துச்சு. அத்தை எந்திரிக்கவே இல்ல. அதுக்கு நல்லாயிருச்சுப்பா!"

குணமாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.